சாம்பியன்களுக்கு ஓட இடம் இல்லை: பிரிட்டிஷ் ஸ்பீட்வே நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரிட்டிஷ் ஸ்பீட்வே புரமோட்டர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்பீட்வே என்னும் மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் முதல்தர லீக்கான பிரீமியர்ஷிப்பின் 2023 சீசன் பற்றி உங்களிடம் பேச வேண்டும். முடிந்துபோன சீசன் ஆயிற்றே, இப்போது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்த சீசன் அப்படி முடிந்ததற்கான காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அக்டோபரில் ஷெஃபீல்டு டைகர்ஸ் அணி இறுதிப் போட்டியில் இப்ஸ்விச் விட்ச்சஸை வென்று கோப்பையைத் தூக்கியது. ஷெஃபீல்டின் ஓவ்லர்ட்டன் மைதானத்தில் 1929-லேயே ஸ்பீட்வே தொடங்கிவிட்டது. ஆனாலும் முதல்தர லீக் பட்டம் அந்த அணிக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. தாத்தா காலத்திலிருந்து காத்திருந்த குடும்பங்கள் அந்த ஊரில் உண்டு. ஒரு விளையாட்டு கொண்டாட வேண்டிய வாரம் அது.

ஆனால் அதே மாதத்தில் வுல்வர்ஹாம்ப்டனிலும் பீட்டர்பரோவிலும் கடைசிப் போட்டிகள் நடந்து முடிந்தன. ஏழே அணிகள் கொண்ட லீக்கில் இரண்டு அணிகளுக்கு அடுத்த ஆண்டு ஓட இடமே இல்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2016-இல் பட்டம் வென்றது வுல்வர்ஹாம்ப்டன். 2017-இல் ஸ்விண்டன். 2018-இல் பூல். 2019-இல் மறுபடி ஸ்விண்டன். 2020-இல் கொரோனாவால் சீசனே நடக்கவில்லை. 2021-இல் பீட்டர்பரோ. ஐந்து பட்டங்கள், நான்கு ஊர்கள். 2023 முடிந்தபோது அந்த நான்கில் மூன்று ஊர்களில் ஸ்பீட்வே கிடையாது. பூல் மட்டும் மிஞ்சியது, அதுவும் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கிய பிறகு. மற்ற மூன்றும் தோற்றுத் தேய்ந்து போன அணிகள் அல்ல. நாட்டிலேயே சிறந்த அணி என்று நீங்களே கோப்பை கொடுத்து அனுப்பியவை. தடத்தில் ஜெயித்தார்கள், தடத்தையே இழந்தார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு குளிர்காலமும் நீங்கள் கூடி லீக்கைத் திட்டமிடும்போது ஓர் அணியின் ரைடர்களுடைய சராசரிப் புள்ளிகள் கூட்டினால் எவ்வளவு இருக்கலாம் என்ற புள்ளி வரம்பைப் பேசுகிறீர்கள், வர முடியாதவருக்குப் பதிலாக வேற்று அணி ஆளை இறக்கும் கெஸ்ட் ரைடர் விதியைப் பேசுகிறீர்கள், பிளே-ஆஃப் முறையைப் பேசுகிறீர்கள். அந்த அணிகளின் காலடியில் இருக்கும் நிலம் யாருடையது, எத்தனை ஆண்டுக்கு நம்முடையது என்பதையும் அதே மேசையில் வைத்து, அதே அளவு கறாராகப் பேச வேண்டும். பேசியதை ரசிகர்களுக்கும் சொல்ல வேண்டும்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு ஆங்கிலப் பிரதியைத் தனியாக அனுப்புகிறேன். ஆனால் ஒரு மைதானத்தின் தலைவிதி உங்கள் கூட்ட அறையில் மட்டும் முடிவாவதில்லை, நகராட்சி மன்றத்திலும் முடிவாகிறது. இங்கே முறைப்படி குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவர்களுக்கு உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழர்கள் அதில் அடக்கம். நம் ஆட்களில் பலர் இந்த மைதானங்களுக்குப் பக்கத்துத் தெருக்களில் வாடகைக்கோ சொந்தமாகவோ வாழ்கிறார்கள். உள்ளே நடப்பது என்ன என்று தெரியாமலே மதில் சுவரைத் தாண்டி வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

பார்க்காதவர்களுக்காக விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீள்வட்ட வடிவில் ஒரு மண் தடம். அணிக்கு இருவராக நான்கு ரைடர்கள். நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும். 500 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின், எரிபொருள் மெத்தனால். பிரேக் கிடையாது. ஆமாம், பிரேக்கே கிடையாது. நேர்ப்பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வந்து, வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இரும்புத் தகடு மாட்டிய இடது காலைத் தரையில் தேய்த்தபடி வண்டியைத் திருப்புவார்கள். முன்சக்கரம் வலப்பக்கம் பார்க்கும், வண்டி இடப்பக்கம் போகும். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஒரு போட்டிக்கு இப்படி 15 ஹீட்.

தனியாளின் வீரம் மாதிரித் தெரியும். ஆனால் ரசிகர்கள் உண்மையில் காத்திருப்பது கூட்டாளிகள் சேர்ந்து ஓட்டுவதற்காக. ஒரே அணியின் இருவர் முதல் இரண்டு இடத்தைப் பிடித்தால் அந்த ஹீட் 5–1. முன்னால் போகிறவர் தன் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பக்கத்தில் வரும் தன் ஆளுக்கு உள்வழியைத் திறந்துவிட்டு, எதிரணிக்காரரை வேலிப்பக்கமாக ஓரங்கட்டுவார். இத்தனையும் பிரேக் இல்லாத வண்டியில், கண்ணாடியில் மண் வந்து அறையும்போது. 15-ஆவது ஹீட் வரை கணக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசி வளைவில் ஒருவர் மூன்றாவதா நான்காவதா என்பதில் மொத்தப் போட்டியும் தீர்ந்த இரவுகள் உண்டு. மெத்தனாலும் ஆமணக்கு எண்ணெயும் கலந்து எரியும் அந்த வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.

ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், இந்த விளையாட்டில் தடம் வெறும் இடம் இல்லை, அது அணியின் ஓர் உறுப்பினர். கால்பந்து அணி ஒன்று மைதானத்தை இழந்தால் பக்கத்து ஊர்ப் புல்தரையில் சமாளித்துவிடும், கோல் கம்பம் எங்கேயும் ஒரே அளவுதான். ஸ்பீட்வேயில் ஒரு தடத்தைப் போல இன்னொன்று இருக்காது. வுல்வர்ஹாம்ப்டனின் மான்மோர் கிரீன் சிறியது, இறுக்கமானது. ஓவ்லர்ட்டன் நீளமும் வேகமும் கொண்டது. பீட்டர்பரோவில் வளைவுகள் விசாலம், வெளிவட்டத்திலிருந்து முந்த முடியும். மண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது, எந்த மூலையில் தடம் தேய்ந்து பள்ளம் விழும், எட்டாவது ஹீட்டுக்குப் பிறகு எந்தக் கோடு வேகமாகும் என்பதெல்லாம் அந்த ஊர் ரைடருக்கும், தண்ணீர் வண்டி ஓட்டுபவருக்கும், டிராக்டரில் மண்ணைச் சமப்படுத்துபவருக்கும் தெரியும். அந்த அறிவை லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது.

க்ராட்லி ஹீத்தை நினைத்துப் பாருங்கள். புரூஸ் பென்ஹால், எரிக் குண்டர்சன், யான் ஓ. பெடர்சன் என்று உலக சாம்பியன்கள் பலர் ஓடிய அணி. 1981-லும் 1983-லும் பிரிட்டிஷ் லீக் பட்டம். 1995-உடன் அவர்களுடைய டட்லி வுட் மைதானம் போனது, இன்று அங்கே வீடுகள். அந்தப் பெயரை விட மனமில்லாத ரசிகர்கள், பல வருடம் கழித்துக் கீழ்நிலை லீக்கில் அணியை எழுப்பினார்கள். சொந்தத் தடம் இல்லாததால் மான்மோர் கிரீனிலும் பர்மிங்ஹாமின் பெரி பாரிலும் ஒண்டிக்கொண்டார்கள். பட்டமும் வென்றார்கள். 2019-க்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது. இடம் கொடுத்த மான்மோர் கிரீனும் நான்கு வருடத்தில் ஸ்பீட்வேக்குக் கதவை மூடிக்கொண்டது. கவன்ட்ரியும் 2016-உடன் தன் தடத்தை இழந்து, லெஸ்டர் தடத்தில் கொஞ்ச காலம் ஓடிப் பார்த்தது. 2005, 2007, 2010 என்று ஆறே ஆண்டில் மூன்று பட்டம் வென்ற அணி. நீடிக்கவில்லை. இதற்கு மேலும் உதாரணம் வேண்டுமா?

லண்டனைப் பற்றி நீங்களே என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். 1949-இல் வெம்பிளியில் உலக இறுதிப் போட்டியைப் பார்க்க 93,000 பேர் வந்தார்கள். அந்த நகரத்தில் இன்று ஒரு ஸ்பீட்வே தடம்கூட இல்லை. ஹாக்னி மைதானம் இருந்த இடத்தில் 2012 ஒலிம்பிக்கின் ஊடக மையம் எழுந்தது. விம்பிள்டனில் 2005-உடன் ஸ்பீட்வே நின்றது, இப்போது அங்கே கால்பந்து மைதானம். வெஸ்ட் ஹாம் தடம் 1972-இல் மூடப்பட்டு வீடுகளானது. அந்தக் குடியிருப்பின் தெருக்களுக்கு ஹோஸ்கின்ஸ், குரூம்ப்ஸ், அட்கின்சன், யங் என்று ஸ்பீட்வேக்காரர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். மரியாதைக்கு நன்றி. ஆனால் தெருப்பலகையில் யாரும் பந்தயம் ஓட்ட முடியாது.

இப்போது 2023-க்கு வருகிறேன்.

வுல்வர்ஹாம்ப்டன் என் ஊருக்குப் பக்கம், அதனால் அதில் கொஞ்சம் அதிகம் நிற்கிறேன். மான்மோர் கிரீனில் 1928-இலேயே ஸ்பீட்வே ஓடியது. ஓலே ஓல்சன், சாம் எர்மொலென்கோ, டை வோஃபிண்டன் என்று உலக சாம்பியன்கள் வுல்வ்ஸ் சட்டையில் ஓடினார்கள். 1991, 1996, 2002, 2009, 2016 என ஐந்து லீக் பட்டங்கள். திங்கட்கிழமை என்றால் ஸ்பீட்வே என்று இரண்டு மூன்று தலைமுறையாக வளர்ந்த ஊர். அங்கே அணி குத்தகைதாரர்தான், மைதானம் வேறொருவருடையது. 2023 சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே இனி இடம் கிடையாது என்ற செய்தி வந்தது. நாய்ப் பந்தயம் தொடர்ந்தது, ஸ்பீட்வேக்கு மட்டும் இடமில்லை. வீடு கட்ட வந்தவர்கள் யாரும் இல்லை, நகராட்சியில் வாதாட ஒரு விண்ணப்பம்கூட இல்லை. குத்தகை முடிந்தது, அவ்வளவுதான். இது சட்டப்படி சரி. அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. எதிர்த்து மனுப்போட ஒரு கதவுகூடத் திறக்காமல் ஏறக்குறைய நூறு வருட வரலாறு முடிந்துபோகலாம் என்று அந்த அக்டோபர் காட்டியது.

பீட்டர்பரோவின் கதை வேறு. 1970-இலிருந்து ஈஸ்ட் ஆஃப் இங்கிலாந்து கண்காட்சித் திடலில் ஓடிய அணி. 1999-லும் 2006-லும் பட்டம் வென்றது. 2021-இல் அவர்கள் இறக்கிய அணியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஸ்காட் நிக்கல்ஸுக்கும் பியார்னே பெடர்சனுக்கும் அந்த அக்டோபரில் 43 வயது. ஹான்ஸ் ஆண்டர்சனும் உல்ரிக் ஆஸ்டர்கார்டும் நாற்பதைத் தொட்டவர்கள். கிறிஸ் ஹாரிஸ் அவர்களைவிடக் கொஞ்சம் இளையவர். கடைசியில் வருவார்கள் என்று கணித்த அணி இறுதிப் போட்டியில் மான்செஸ்டரின் பெல் வ்யூ அணியை வீழ்த்தியது. பிரிட்டிஷ் ஸ்பீட்வேயில் நான் பார்த்த மிக அழகான சீசன் அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டே வருடம். பிறகு திடலை வீடுகளாக்கும் திட்டத்தின் நிழலில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று.

ஸ்விண்டன் 2023-க்கு முன்பே போய்விட்டது. 1949-இல் தொடங்கிய அணி, பாரி பிரிக்ஸ் ஓடிய அணி. 2019-இல் இப்ஸ்விச்சை வென்று சாம்பியன் ஆனார்கள். அடுத்த ஆண்டு கொரோனா. அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் ஒரு லீக் போட்டியும் நடக்கவில்லை. மைதானத்தைப் புதுப்பிக்கப் போவதாகப் பல வருடம் பேச்சு நடந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. பட்டத்தைக் காத்துக்கொள்ள ஓர் ஓட்டம்கூட ஓடாமல் சாம்பியன்கள் மறைந்தார்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. உங்களில் பலர் சொந்தப் பணத்தைப் போட்டு அணி நடத்துகிறீர்கள், மழை வந்தால் அந்த இரவின் வசூல் போச்சு. ரைடர்களுக்கு எடுக்கும் புள்ளிக்கு ஏற்பச் சம்பளம். அவர்களோ வாரத்துக்கு மூன்று நாட்டில் ஓடுகிறவர்கள், செவ்வாய் ஸ்வீடன், ஞாயிறு போலந்து என்று. கூட்டம் பழையபடி இல்லை. இந்த நிலையில் நிலம் வாங்கு என்று யாராவது சொன்னால் கோபம்தான் வரும். நான் அதைச் சொல்லவில்லை. வீடுகள் தேவையில்லை என்றும் சொல்லமாட்டேன். வீட்டு வாடகை இந்த நாட்டில் என்ன பாடு படுத்துகிறது என்பது குடியேறி வந்த எங்களுக்குத் தெரியாததா?

ஆனால் பணம் இல்லை என்பது முழுக் காரணம் அல்ல. மூன்று ஊர்களைப் பாருங்கள்.

ஆக்ஸ்ஃபோர்ட். 2000-களின் இறுதியில் அங்கே ஸ்பீட்வே நின்றது. 2012 முடிவில் மைதானமே மூடப்பட்டது. வீடு கட்டும் விண்ணப்பமும் வந்தது. 2014-இல் நகராட்சி அந்த மைதானத்தைப் பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது, வீட்டு விண்ணப்பத்தை நிராகரித்தது. கட்டடம் பாழடைந்து கிடந்தது, ஆனால் இடிக்கப்படவில்லை. நீண்டகாலக் குத்தகைக்கு ஒருவர் முன்வந்தார். 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மறுபடி இன்ஜின் சத்தம். 2024-இல் முதல்தர லீக்கிலேயே ஓர் அணி. இடம் பிழைத்திருந்ததால் விளையாட்டு திரும்பி வந்தது. இடம் போயிருந்தால் எத்தனை கோடி கொட்டினாலும் வந்திருக்காது.

மான்செஸ்டர். நகராட்சியின் துணையோடு 2016-இல் ஸ்பீட்வேக்கென்றே தேசிய மைதானம் கட்டினார்கள். அதற்கு ஆறு வருடத்தில் பெல் வ்யூ 1993-க்குப் பிறகு முதல் தடவையாக லீக் பட்டம் வென்றது, 2024-இல் மறுபடியும் வென்றது. 2021-லும் 2024-லும் பிரிட்டன் ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் என்னும் நாடுகளுக்கான உலகக் கோப்பையை வென்றதும் அதே தடத்தில்தான். 2021 வெற்றிக்கு முன் பிரிட்டன் அணி உலகப் பட்டம் வென்றது 1989-இல். அந்த அணியின் டான் பியூலி, இளம் வயதில் வொர்க்கிங்டன் அணிக்காக ஓடியவர். 2018-இல் இரண்டாம் நிலை லீக் பட்டத்தை வென்ற கையோடு அந்த வொர்க்கிங்டனும் ஓட்டத்தை நிறுத்தியது என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. அடுத்த பியூலி எங்கே பழகுவார்?

பிராண்டன். கவன்ட்ரி அணியின் வீடு அது. அங்கே வீடு கட்டக் கேட்ட விண்ணப்பத்தை ரக்பி என்ற ஊரின் நகராட்சி 2022-இல் நிராகரித்தது. மேல்முறையீடு போனார்கள், 2023 இறுதியில் அதுவும் தள்ளுபடி. இதற்காகப் போராடியவர்கள் ரசிகர்கள். மைதானம் எரிந்து, சூறையாடப்பட்டு, செடி முளைத்துக் கிடந்தபோதும் அவர்கள் கோப்புகளைச் சேர்த்து, பணம் திரட்டி, விசாரணையில் உட்கார்ந்தார்கள். இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கை தெளிவாகவே சொல்கிறது: விளையாட்டுக்கான இடம் தேவைக்கு மிஞ்சியது என்று நிரூபிக்க வேண்டும், அல்லது அதற்கு இணையான இன்னோர் இடம் தர வேண்டும், இல்லாவிட்டால் அதில் கட்டக் கூடாது. அந்த வரி ஸ்பீட்வேக்கும் பொருந்தும் என்று நின்று காட்டியவர்கள் ரசிகர்கள்தான். அவர்கள் செய்த வேலையை நிர்வாகமே முன்னின்று செய்ய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கையின் சாரம்.

போலந்தை வைத்து எங்களை ஒப்பிடாதே என்பீர்கள். அங்கே பணம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டொருனில் 2009-இல் திறந்த மோட்டோஅரேனாவைக் கட்டியது அந்த நகரம். வ்ரோட்ஸ்வாஃபின் ஒலிம்பிக் மைதானத்தையும் நகரமே புதுப்பித்தது. ஊர் தன் தடத்தைத் தன் சொத்தாக நினைக்கிறது. அந்த நினைப்பைப் பணத்தால் மட்டும் உண்டாக்க முடியாது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

அடுத்த சீசனின் அணிப் பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வோர் அணியின் பெயருக்குப் பக்கத்திலும் மைதானம் யாருடையது, குத்தகை எந்த ஆண்டு வரை என்பதையும் வெளியிடுங்கள். வணிக ரகசியம் என்று சொல்லாதீர்கள், வாடகைத் தொகையை யாரும் கேட்கவில்லை. முடியும் ஆண்டு மட்டும் போதும். இரண்டு வருடத்துக்குக் குறைவாக மீதம் இருக்கும் அணிக்கு உலகத்தரம் வாய்ந்த ரைடரை ஒப்பந்தம் செய்வது, வாடகை வீட்டுக்குப் பளிங்குத் தரை போடுவது போலத்தான். சீசன் டிக்கெட் வாங்குகிறவருக்கும் ஸ்பான்சருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் ஊர் கூடும், கடைசி மாதத்தில் தெரிந்தால் ஊர் அழ மட்டுமே முடியும்.

ஒளிபரப்பு வருமானத்திலிருந்தோ அணிகளின் சேர்க்கைக் கட்டணத்திலிருந்தோ ஒரு சிறு பங்கை ஒதுக்கி, திட்ட அனுமதி வழக்குகளுக்கென்றே ஒரு வக்கீலையும் ஒரு சத்த அளவீட்டு நிபுணரையும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் பற்றிக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் மில்டன்ஹால் வழக்கு உங்களுக்கு மறந்திருக்காது. 1975-இல் அனுமதி பெற்ற ஸ்பீட்வே மைதானம் அது. 2006-இல் அருகே வீடு வாங்கி வந்தவர்கள் சத்தத் தொல்லை என்று வழக்குப் போட்டார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் வீட்டுக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு வந்தவரின் புகார் முன்பே இருந்ததை முடக்கலாம் என்றால், மைதானத்தைச் சுற்றி வரும் ஒவ்வொரு வீட்டு விண்ணப்பத்தையும் முதல் நாளிலேயே படிக்க ஆள் வேண்டும். புதிய வீடுகளுக்குச் சத்தத் தடுப்புச் சுவரும் தடிமனான ஜன்னலும் கட்டுபவரின் செலவில் வர வேண்டும் என்று அப்போதே எழுதிக் கேட்க வேண்டும். தனி அணி ஒன்றால் இது முடியாது. லீக்கால் முடியும்.

2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகச் சொத்துப் பட்டியல் என்று ஒன்று நகராட்சிகளில் இருக்கிறது. உள்ளூர் வாக்காளர்கள் 21 பேர் சேர்ந்த குழு ஒன்று ஒரு மைதானத்தை அதில் சேர்க்க விண்ணப்பிக்கலாம். சேர்த்துவிட்டால், உரிமையாளர் விற்க முனையும்போது சமூகம் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். வுல்வர்ஹாம்ப்டனில் நடந்தது விற்பனை இல்லை என்பதால் அங்கே இது உதவியிருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் மற்ற ஊர்களில் உதவலாம். ஒவ்வொரு ரசிகர் மன்றத்துக்கும் இந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

இன்னொன்று. தடம் இழந்த அணியின் பெயரை அழித்துவிடாதீர்கள். அவர்களுக்கு லீக்கில் ஓர் இடம் காத்திருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். அணியே இல்லையே, பிறகு மைதானம் எதற்கு என்பதுதான் நிலத்தை மாற்ற நினைப்பவர்களுக்குக் கிடைக்கும் முதல் வாதம். அந்த வாதத்தை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது.

மைதானங்கள் இருக்கும் நகரங்களின் மன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. கோடை மாலையில் குடும்பத்தோடு போய்ப் பார்க்க, குறைந்த செலவில் பாதுகாப்பாக ஒரு இடம் வேண்டும் என்று எல்லாத் தேர்தல் அறிக்கையிலும் எழுதுகிறீர்கள். ஸ்பீட்வேயில் உள்ளூர் ரசிகரும் வெளியூர் ரசிகரும் ஒரே வரிசையில் நின்று தேநீர் குடிப்பார்கள், நடுவில் போலீஸ் வேலி தேவைப்படுவதில்லை. நான் முதல்முதலாகப் போனபோது பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, தன் புள்ளி அட்டையை என் கையில் கொடுத்து எப்படி நிரப்புவது என்று கற்றுக்கொடுத்தார். இந்த நாட்டில் எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் அப்படி உரிமையோடு பேசியது அதுதான் முதல் தடவை. உங்கள் நகரத்தின் ஒற்றுமைத் திட்டங்களுக்கு ஒதுக்கும் பணத்தால் இதை உண்டாக்குவது கடினம். ஏற்கெனவே இருப்பதைக் காப்பது சுலபம்.

தமிழ் வாசகர்களே, உங்களிடம் கேட்பது சின்ன உதவி. உங்கள் ஊரில் மைதானம் இருந்தால் ஒரு மாலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால், அந்த நிலத்தில் கட்டுமான விண்ணப்பம் வரும்போது நகராட்சி இணையதளத்தில் உங்கள் கருத்தைப் பதிவு செய்யுங்கள். அதற்கு வாக்குரிமைகூடத் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம். சொந்த வார்த்தையில் எழுதிய நாலு வரி போதும், நகல் எடுத்த கடிதங்களைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

புரமோட்டர்களே, உங்கள் அடுத்த குளிர்காலக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் "மைதானங்களும் குத்தகையும்" என்று ஒரு பொருளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். புள்ளி வரம்புக்கு முன்னால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்த்தீர்களா இல்லையா, சேர்க்கவில்லை என்றால் ஏன் என்று பட்டியல் வெளியாகும் நாளில் ரசிகர்களுக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
மேற்கு மிட்லேண்ட்ஸில் வாழும் ஒரு ஸ்பீட்வே ரசிகன்